அழலைக் கண்ட கதை

அழற்சி என்பது நம் மருத்துவ நூல்களில் நாள்தோறும் புழங்கும் சொல். அச்சொல்லின் வேரைத் தேடிச் செல்பவர் அங்கே நெருப்பைக் காண்பர். அழல் என்றால் தீ. உடலின் ஓர் உறுப்பில் தீ மூண்டாற்போன்ற நிலையே அழற்சி. இலத்தீன் மொழியினரும் இதே உவமையைக் கொண்டுதான் இந்நிலைக்குப் பெயரிட்டனர். கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சஸ் என்னும் உரோமை நூலாசிரியர் அழற்சிக்கு நான்கு அடையாளங்களைக் குறித்து வைத்தார்: செம்மை, வீக்கம், வெப்பம், வலி. ஏறத்தாழ இருபது நூற்றாண்டுகள் கடந்த பின்னும் மருத்துவ மாணவர்கள் இந்நான்கையும் மனப்பாடம் செய்கின்றனர்.

காலில் முள் குத்திப் புண்ணானால் இந்நான்கும் வெளிப்படையாகத் தெரியும். ஆனால் தீ மூட்டுக்குள்ளே மூண்டால்? தோலும் தசைநாணும் எலும்பும் போர்த்தி மறைத்திருக்கும் இடத்தில் அது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டிருந்தால்? மக்கள் வழக்கில் சரவாங்கி என்றும் முடக்குவாதம் என்றும் சொல்லப்படுகிற நோய் அத்தகையது. நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை, தவறாகத் தன் சொந்த மூட்டுகளையே பகையெனக் கருதித் தாக்குவதால் வருவது இந்நோய். பெரும்பாலும் விரல் கணுக்களிலும் மணிக்கட்டிலும் காற்பாதங்களிலும் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பற்றுகிறது.

மறைந்திருக்கும் இந்த அழலைக் கண்ணால் காண மனிதர் மேற்கொண்ட முயற்சியின் வரலாற்றை இங்கே சிறிது நோக்குவோம். செல்சஸ் சொன்ன நான்கு அடையாளங்களில் எவை படமாயின, எது படமாகவில்லை என்பதும் அவ்வரலாற்றினூடே விளங்கும்.

ஒன்பது பெண்கள்

பாரீஸ் மாநகரிலுள்ள சால்பெத்ரியேர், வறிய பெண்களின் புகலிடமாக நெடுங்காலம் விளங்கிய மருத்துவமனை. 1800ஆம் ஆண்டில் அங்கே பணியாற்றிய அகுஸ்தென் லாந்ரே-பொவே என்னும் 28 வயது இளம் மருத்துவர், தம் பட்டத்திற்கென ஓர் ஆய்வுரையை எழுதினார். ஒன்பது நோயாளிகளின் மூட்டுகளைப் பற்றியது அவ்வுரை. மூட்டுநோய் என்றாலே அக்காலத்தில் ‘கவுட்’ என்று முடிவு கட்டுவது வழக்கம். கவுட் என்பது வளமாக உண்டு குடிக்கும் ஆடவரின் நோய் எனப் பெயர் பெற்றிருந்தது. லாந்ரே-பொவே கண்டவர்களோ ஏழைகள்; பெண்கள். அவர்களுக்கு நோய் ஒரே மூட்டில் திடீரென்று வெடித்து அடங்கவில்லை. பல மூட்டுகளில் மெல்லத் தொடங்கி, நீங்காமல் நிலைத்து, உடலையே நலியச் செய்தது.

இது வேறு நோய் என்று அவருக்குத் தோன்றியது. ஆயினும் பழைய பெயரை முற்றிலும் விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. வலுக்குறைவால் தோன்றும் ஒருவகைக் கவுட் என்றே அதைக் குறித்தார். பெயர் பொருந்தவில்லை, கண்ட காட்சி பொருந்திற்று. அவரிடம் கருவி ஏதும் இருக்கவில்லை. கண்ணால் பார்த்தார், கையால் தொட்டார், அந்தப் பெண்கள் சொன்னதைக் கேட்டார். இன்று முடக்குவாதத்தின் வரலாற்றை எழுதுவோர் பலரும் அந்த ஒன்பது பேரிடமிருந்தே தொடங்குகின்றனர்.

பெயர் பின்னர் வந்தது. இலண்டனில் ஆல்ஃபிரட் பேரிங் கேரட் என்ற மருத்துவர், கவுட் நோயாளிகளின் குருதியில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதை 1848இல் காட்டினார். குருதியின் தெளிநீரில் நூலிழை ஒன்றை இட்டுவைத்து, அதன்மீது அமிலப் படிகங்கள் படிகின்றனவா என்று பார்க்கும் எளிய சோதனையையும் அவர் வகுத்தார். படிகம் படிந்தால் கவுட், படியாவிட்டால் வேறு. அந்த ‘வேறு’ நோய்க்கு 1859இல் அவர் வழங்கிய பெயரே இன்றும் உலகெங்கும் வழங்கும் ‘ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்’ என்பது. இங்ஙனம் நோய்க்குப் பெயர் கிடைத்தது. ஆனால் மூட்டுக்குள் நிகழ்வதைக் காணும் வழி மட்டும் கிடைக்கவில்லை.

முதற்படமும் ஒரு கைதான்

1895 நவம்பர் 8ஆம் நாள், ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் ரோன்ட்கன் புதியதொரு கதிரைக் கண்டார். இன்னதென்று விளங்காததால் அதற்கு ‘எக்ஸ்’ என்று பெயரிட்டார். அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் நாள் தம் மனைவி அன்னா பெர்த்தாவின் கையை அக்கதிரின் வழியில் வைத்துப் படம் பிடித்தார். விரலெலும்புகளும், ஒரு விரலில் கரும்பொட்டாகத் திருமண மோதிரமும் அப்படத்தில் தெரிந்தன. தம் சாவையே பார்த்துவிட்டதாக அந்த அம்மையார் சொன்னார் என்று ஒரு செய்தி வழங்கிவருகிறது. இயற்பியலுக்கான முதல் நோபெல் பரிசை 1901இல் பெற்ற ரோன்ட்கன், தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கோராமல் அதை எல்லாருக்கும் உரியதாக விட்டுவிட்டார்.

அந்த முதற்படம் ஒரு கையின் படமாக அமைந்ததை நாம் கருத வேண்டும். முடக்குவாதம் முதலில் பற்றுவதும் கையையே. விரைவிலேயே மருத்துவர்கள் நோயாளிகளின் கைகளை எக்ஸ்ரே படமெடுத்துப் பார்க்கலாயினர். மூட்டையொட்டிய எலும்பு மங்கியிருப்பதைக் கண்டனர். இரண்டு எலும்புகளுக்கும் இடையிலுள்ள வெளி குறுகியிருப்பதைக் கண்டனர். எலும்பின் ஓரங்கள் செல்லரித்த பலகைபோல் குழிந்திருப்பதையும் கண்டனர்.

ஆயினும் ஓர் உண்மை மெல்ல மெல்லத்தான் விளங்கிற்று. எக்ஸ்ரே காட்டியது நெருப்பை அன்று. நெருப்புத் தின்ற மிச்சத்தை.

அது ஏன் என்பதை அறிய மூட்டின் அமைப்பைச் சற்று நினைவுகொள்ள வேண்டும். இரண்டு எலும்பு முனைகளும் வழவழப்பான குருத்தெலும்பால் மூடப்பட்டுள்ளன. அவற்றைச் சூழ்ந்துள்ள உறையின் உட்புறத்தை மிக மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியுள்ளது. மூட்டுக்கு எண்ணெய் போன்ற நீரைச் சுரந்து கொடுப்பது அச்சவ்வின் வேலை. முடக்குவாதத்தின் தீ இச்சவ்வில்தான் மூளுகிறது. சவ்வு தடிக்கிறது, அதில் புதுக் குருதிக் குழாய்கள் முளைக்கின்றன, நீர் மிகுதியாகச் சுரக்கிறது, பிறகு தடித்த சவ்வு எலும்பின் விளிம்பில் படர்ந்து அதை அரிக்கத் தொடங்குகிறது. எக்ஸ்-கதிருக்குச் சவ்வும் நீரும் தசையும் ஏறத்தாழ ஒரே நிழல்தான். சுண்ணாம்புச் சத்து நிறைந்த எலும்பு மட்டுமே தெளிவாகத் தெரியும். ஆகவே எலும்பு கெட்ட பின்னரே எக்ஸ்ரே பேசும். அதுவரை வாய் மூடியிருக்கும்.

ஓர் ஓவியரின் விரல்கள்

இந்நோய் அக்காலத்தில் தடையின்றி எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குப் புகழ்பெற்ற ஓவியர் பியேர்-ஓகுஸ்த் ரெனுவாரின் கைகள் சான்று. 1841இல் பிறந்த அவருக்கு ஏறத்தாழ ஐம்பது வயதில், 1892ஐ ஒட்டி, மூட்டுநோய் தொடங்கியது. குளிரைத் தவிர்க்கத் தென்பிரான்சுக்குக் குடிபெயர்ந்த அவர், 1907இல் கான்-சுர்-மேர் என்னும் ஊரில் நிலம் வாங்கினார். பின்னர் சக்கர நாற்காலியே அவருக்குக் கதியாயிற்று. விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கி இறுகின. உள்ளங்கைத் தோல் புண்படாதிருக்கத் துணிக்கட்டுச் சுற்றினர். தூரிகையை அவர் கையோடு சேர்த்துக் கட்டினார்கள் என்று பலர் எழுதியுள்ளனர். அது சரியன்று. மற்றவர்கள் தூரிகையை எடுத்துக் கொடுக்க, மடங்கிய விரல்களுக்கிடையே அதை அவரே பற்றிக்கொண்டார்.

1915இல் சாஷா கித்ரி என்பவர் எடுத்த மௌனத் திரைப்படத்தில் ரெனுவார் ஓவியம் தீட்டும் காட்சி இடம்பெற்றுள்ளது. முறுக்கிக்கொண்ட அந்தக் கை, வண்ணத்தைத் தொட்டுத் துணியில் விரைந்து செல்வதை இன்றும் காணலாம். 1919 டிசம்பர் 3ஆம் நாள் அவர் இறக்கும் காலம்வரை அந்தக் கை ஓயவில்லை. அவருடைய புகைப்படங்களை ஆண்டு வரிசையில் அடுக்கி நோயின் போக்கை மருத்துவர்கள் பின்னாளில் ஆராய்ந்து எழுதினர். எக்ஸ்ரே கருவி அவர் காலத்திலேயே இருந்தது. எனினும் அதனால் அவருக்கு ஆகக்கூடியது ஏதுமில்லை. எலும்பு குலைந்ததைப் படம் சொல்லும். குலையாமல் காக்க மருந்தும் இல்லை, குலையுமுன் காட்டக் கருவியும் இல்லை.

அழிவை எண்ணிய காலம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மருந்துகள் ஒவ்வொன்றாய் வந்தன. பிரான்சைச் சேர்ந்த ழாக் ஃபோரெஸ்தியே 1929இல் தங்க உப்புகளைப் பரிந்துரைத்தார். அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் ஃபிலிப் ஹென்ச் 1948 செப்டம்பரில் கார்ட்டிசோனை முதன்முதலாக ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார். படுக்கையில் கிடந்தவர் சில நாள்களில் எழுந்து நடந்தார். 1950இல் அதற்காக ஹென்சும் வேறிருவரும் நோபெல் பரிசு பெற்றனர். ஆனால் நீண்டநாள் மிகுந்த அளவில் கொடுத்தால் அம்மருந்தே உடலைக் கெடுக்கும் என்பதும் விரைவில் தெரிந்தது. நார்வே நாட்டவரான எரிக் வாலர் 1940இல் நோயாளிகளின் குருதியில் கண்ட ஒரு புதிய பொருள், உடல் தன்னையே எதிர்க்கும் தன்மையை விளக்க வழி திறந்தது.

மருந்து பயன் தருகிறதா என்பதை அளக்க ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. எக்ஸ்ரே படமே அந்த அளவுகோலாயிற்று. 1949இல் ஸ்டைன்ப்ரோக்கரும் உடனாய்வாளரும் நோயை நான்கு நிலைகளாகப் பகுத்தனர். 1971இல் ஜான் ஷார்ப் ஒவ்வொரு விரல் மூட்டுக்கும் தனித்தனியே மதிப்பெண் இடும் முறையை வகுத்தார். 1989இல் நெதர்லாந்தின் டெசிரே வான் டெர் ஹைடே பாதங்களையும் அதனுடன் சேர்த்து அம்முறையைத் திருத்தினார். அரிப்புக்கும் இடைவெளிக் குறுகலுக்கும் மதிப்பெண் இட்டுக் கூட்டினால் முழு அழிவு 448. மருந்தாய்வுகள் இம்முறையை இன்றும் பயன்படுத்துகின்றன.

எண்ணிப் பார்க்கையில் இது துயரமான கணக்கு. பள்ளியில் மதிப்பெண் கூடினால் மகிழ்வோம். இங்கே ஒவ்வொரு மதிப்பெண்ணும் ஒருவர் இழந்த ஒரு துளி எலும்பு. கூடிய மதிப்பெண் மீண்டும் குறைவதும் அரிது. இன்னொரு தீமையும் இதனுடன் சேர்ந்து வந்தது. காலையில் எழுந்ததும் விரல் மடக்க முடியவில்லை, குடத்தைத் தூக்க முடியவில்லை என்று வந்த பெண்ணின் எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாயிருந்தால், ‘படத்தில் ஒன்றுமில்லை’ என்ற சொல்லே மறுமொழியாகக் கிடைக்கும். படத்தில் ஒன்றுமில்லை என்பது மெல்ல மெல்ல உனக்கு ஒன்றுமில்லை என்று திரிந்துவிடும். கருவியின் குறை நோயாளியின் குறையாக எழுதப்பட்டது.

வெப்பத்தைப் படமாக்கியவர்கள்

எலும்பு வேண்டாம், அழலையே காண்போம் என்று சிலர் முனைந்தனர். முதலில் அவர்கள் எடுத்துக்கொண்டது செல்சஸின் மூன்றாம் அடையாளமாகிய வெப்பத்தை. லாந்ரே-பொவே ஆய்வுரை எழுதிய அதே 1800ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் வானியல் அறிஞர் வில்லியம் ஹெர்ஷல், கதிரவனின் ஒளியைப் பட்டகத்தால் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒளியே தெரியாத இடத்தில் வெப்பம் மிகுந்திருந்தது. அகச்சிவப்புக் கதிர் இவ்வாறு அறியப்பட்டது. ஹெர்ஷல் அதற்கு முன்னர் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்பெற்ற பாத் நகரில் இசைவாணராக வாழ்ந்தவர்; யுரேனஸ் கோளை 1781இல் அங்கிருந்தே கண்டவர்.

அதே பாத் நகரில், 1738இல் நிறுவப்பட்ட மூட்டுநோய் மருத்துவமனையைச் சார்ந்த ஆய்வாளர்கள், அகச்சிவப்புக் கதிரால் மூட்டுகளின் வெப்பத்தைப் படமாக்கி, 1974இல் அதை எண்ணாகக் கணிக்கும் முறையை வெளியிட்டனர். அழன்ற முழங்கால் படத்தில் தனியே ஒளிர்ந்தது. ஆனால் இம்முறை தோலின் வெப்பத்தையே அளந்தது. ஆழத்திலுள்ள மூட்டு அதற்கு எட்டவில்லை. அறையின் வெப்பநிலை சற்று மாறினாலும் கணக்கு மாறியது. ஆகவே அன்றாட மருத்துவத்தில் அது நிலைபெறவில்லை.

ஒலியால் கண்டவர்கள்

வீக்கத்தையும் செம்மையையும் காட்டியது ஒலி. முதல் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியப் பிரெஞ்சு அறிஞர் போல் லாஞ்செவென் வகுத்த முறை, செவிக்கு எட்டாத உயரொலியை அனுப்பி அதன் எதிரொலியைக் கேட்பது. 1958இல் கார்ல் டுசிக் என்ற ஆஸ்திரிய மருத்துவர், மூட்டைச் சூழ்ந்த திசுக்களில் இவ்வொலி எப்படிச் செல்கிறது என்று அளந்தார். 1972இல் அமெரிக்க மருத்துவர் இருவர், முழங்காலின் பின்புற வீக்கம் நீர்க்கட்டியா, குருதி உறைந்த சிரையா என்பதை ஒலியால் வேறுபடுத்திக் காட்டினர். 1978இல் கனடாவின் கூப்பர்பெர்க்கும் உடனாய்வாளரும் முடக்குவாதம் கண்ட முழங்கால்களில் தடித்த சவ்வையும் தேங்கிய நீரையும் ஒலிப்படத்தில் கண்டனர். எக்ஸ்ரேக்கு மறைந்திருந்த சவ்வு இவ்வாறு வெளிப்பட்டது.

எனினும் தடித்த சவ்வு இப்போது எரிகிறதா, முன்பு எரிந்து தணிந்ததா என்பது அதில் தெரியாது. சாம்பலையும் தணலையும் பிரித்தறிய, குருதி ஓட்டத்தைக் காண வேண்டும். டாப்ளர் என்ற அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சொன்ன தத்துவம் அதற்கு உதவியது. நகரும் பொருளில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வு மாறும். ஓடும் குருதியணுக்களும் அவ்வாறே ஒலியை மாற்றி அனுப்புகின்றன. சிறு குழாய்களில் மெல்ல ஓடும் குருதியையும் பிடித்துவிடும் ‘பவர் டாப்ளர்’ முறை 1990களில் மூட்டுகளுக்குப் பயன்படத் தொடங்கியது. அழன்ற சவ்வில் புதிதாக முளைத்த குழாய்கள் திரையில் செம்மஞ்சள் பொறிகளாகத் தெரிந்தன. உரோமையர் தோலின்மேல் கண்ட செம்மையை, மூட்டின் உள்ளே கண்ட முதல் தலைமுறை இதுவே எனலாம்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வேக்ஃபீல்டும் உடனாய்வாளரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டு கருவிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தது. 100 நோயாளிகளின் விரல் மூட்டுகளில் எக்ஸ்ரே 17 பேரிடம் 32 அரிப்புகளைக் காட்டியது. ஒலிப்படமோ 56 பேரிடம் 127 அரிப்புகளைக் காட்டியது. ‘படத்தில் ஒன்றுமில்லை’ என்று முன்பு அனுப்பப்பட்டவர்களுள் எத்தனை பேருடைய எலும்பு அன்றே அரிக்கப்பட்டுக்கொண்டிருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

எலும்பின் உள்ளேயும்

ஒலி எலும்பின் மேற்பரப்போடு நின்றுவிடும். எலும்புக்குள்ளும் நுழைந்து காண்பது காந்தப் படம், அதாவது எம்.ஆர்.ஐ. பால் லாட்டர்பர் 1973இல் இம்முறையில் முதற்படத்தை வெளியிட்டார். பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் அவரும் 2003இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் கருக்களே இப்படத்தை வரைகின்றன. அழன்ற திசுவில் நீர் மிகுதி; ஆதலால் அழற்சி இதில் நன்கு தெரியும்.

நியூசிலாந்தின் ஃபியோனா மெக்வீனும் உடனாய்வாளரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், நோய் தொடங்கிச் சராசரியாக நான்கே மாதங்களான 42 பேரின் மணிக்கட்டுகளைக் கண்டனர். எக்ஸ்ரே 15 விழுக்காட்டினரிடமே அரிப்பைக் காட்டியது, எம்.ஆர்.ஐ. 45 விழுக்காட்டினரிடம் காட்டியது. அதுமட்டுமன்று. எலும்பு மஜ்ஜைக்குள் நீர் கோத்ததுபோன்ற ஒரு வெளிச்சமும் சிலருடைய படங்களில் தெரிந்தது. மூட்டு மாற்று அறுவைக்கு வந்தவர்களின் எலும்புகளை நுண்ணோக்கியால் ஆராய்ந்து 2007இல் வெளிவந்த ஆய்வுகள், அது வெறும் நீரன்று, எலும்புக்குள்ளேயே நிகழும் அழற்சி என்று உறுதி செய்தன. அது தெரியும் இடத்திலேயே பின்னர் அரிப்பு விழுவதும் மிகுதி. நெருப்புத் தின்ற மிச்சத்தைப் பார்த்துவந்த மனிதர், நெருப்புச் செல்லப்போகும் வழியையே பார்க்கத் தொடங்கினர்.

இக்காட்சிகள் தக்க வேளையில் வந்தன. 1980களில் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தின் பயன் நிலைநாட்டப்பட்டது. 1998 முதல் அழற்சியின் குறிப்பிட்ட கண்ணிகளை மட்டும் துண்டிக்கும் உயிரியல் மருந்துகள் இந்நோய்க்கு வந்தன. எலும்பரிப்பு பலருக்கு முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே தொடங்கிவிடுகிறது என்பதும் தெளிவாயிற்று. ஆகவே முன்கூட்டிக் காண்பதும் முன்கூட்டி மருந்திடுவதும் ஒன்றையொன்று தாங்கின. ரெனுவாரின் கைகளைப் போன்ற கைகள், தக்க மருத்துவம் கிடைக்கும் இடங்களில் இன்று அருகிவிட்டன.

எல்லாப் பொறியையும் அணைக்க வேண்டுமா?

இங்கே கதை முடிந்திருந்தால், கருவியின் வெற்றிக்கதை என்று சொல்லி நிறுத்திவிடலாம். ஆனால் அதன் பின்னர் நடந்ததே நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

2006இல் லீட்ஸ் ஆய்வாளர்கள், நோய் அடங்கிவிட்டது என்று மருத்துவர்களால் கருதப்பட்ட 107 பேரைப் படமெடுத்தனர். அவர்களுள் வலியே இல்லாத, தொட்டுப் பார்த்தாலும் மூட்டில் குறை தெரியாதவர்களிடையிலும் 96 விழுக்காட்டினருக்கு எம்.ஆர்.ஐ.யில் சவ்வழற்சி தெரிந்தது. 43 விழுக்காட்டினருக்குப் பவர் டாப்ளரில் பொறிகள் தெரிந்தன. 2008இல் வந்த தொடர் ஆய்வு, இவ்வாறு பொறி தெரிந்த மூட்டுகளே பின்னர் கெடும் வாய்ப்பு மிகுதி என்று காட்டியது. இதைக் கேட்ட மருத்துவ உலகம் திடுக்கிட்டது. அமைதி என்று நாம் நினைத்தது அமைதியன்றோ? அப்படியானால் படத்தில் கடைசிப் பொறி அணையும்வரை மருந்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டாமா?

கேள்வி நியாயமானது, அதற்குரிய விடையை ஊகத்தால் அன்றி ஆய்வால் தேடினர். நார்வே நாட்டில் 230 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஒலிப்படத்தின்படியும் மறு பிரிவுக்கு வழக்கமான பரிசோதனையின்படியும் இரண்டாண்டுகள் மருந்தளித்தனர். 2016இல் முடிவு வெளிவந்தது. நோய் முற்றும் அடங்கி, மூட்டு வீங்காமல், எலும்பும் கெடாமல் இருந்தவர்கள் ஒரு பிரிவில் 22 விழுக்காடு, மறு பிரிவில் 19 விழுக்காடு. வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. டென்மார்க்கில் 200 பேரிடம் எம்.ஆர்.ஐ.யைக் கொண்டு இவ்வாறே செய்தனர். 2019இல் வந்த முடிவும் அதுவே. படத்தைப் பின்பற்றிய பிரிவினருக்கு மருந்து கூடியது. எலும்பு கூடுதலாகக் காக்கப்பட்டதாகத் தெரியவில்லை. கடுமையான உடல்நலக் கேடு நேர்ந்தவர்களோ அப்பிரிவில் 17 பேர், மறு பிரிவில் 6 பேர்.

நெதர்லாந்தின் லெய்டன் நகரிலிருந்து 2016இல் வந்த இன்னோர் ஆய்வு இதற்கு விளக்கம் தந்தது. மூட்டுத் தொல்லையே இல்லாத 193 பேரைப் படமெடுத்தபோது, 72 விழுக்காட்டினரிடம் அழற்சியைப் போன்ற அடையாளம் ஒன்றேனும் தென்பட்டது. வயது ஏற ஏற அது மிகுந்தது. மனித மூட்டு என்றும் முழு அமைதியில் இருப்பதில்லை போலும். கூரிய கண்ணுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தவை எல்லாம் நோயாகிவிடா.

இதனால் படம் வீண் என்று யாரும் முடிவுகட்ட வேண்டியதில்லை. நோயா இல்லையா என்ற ஐயம் எழும்போது அது தெளிவு தருகிறது. மூட்டுக்குள் ஊசி செலுத்தும்போது வழி காட்டுகிறது. நன்றாயிருப்பவர் மருந்தைக் குறைக்கலாமா என்று எண்ணும்போது எச்சரிக்கையும் தருகிறது. 2013இல் ஐரோப்பிய மூட்டுநோய் மருத்துவக் கூட்டமைப்பு வெளியிட்ட பரிந்துரைகளும், நோயைத் தொட்டறியும் பரிசோதனையோடு சேர்த்துப் படத்தைப் பயன்படுத்தவே சொல்லின. படத்தின் இடம் சாட்சியின் இடம். நீதிபதியின் இடம் அன்று.

நான்காம் அடையாளம்

செல்சஸின் நான்கு அடையாளங்களை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். வெப்பம் அகச்சிவப்புக் கதிரில் படமாயிற்று. வீக்கம் ஒலியிலும் காந்தத்திலும் படமாயிற்று. செம்மை டாப்ளரின் பொறிகளாகத் திரைக்கு வந்தது. எஞ்சியது வலி. அதைப் படமெடுத்துக் காட்டி, இதோ இவ்வளவு என்று சொல்லும் கருவி மூட்டுநோய் மருத்துவரின் அறையில் இல்லை.

எரியும் மூட்டு சிலரிடம் வலிப்பதில்லை என்பதை லீட்ஸ் ஆய்வில் கண்டோம். மறுபுறம், அழல் அடங்கிய பின்னும் கெட்டுப்போன மூட்டு வலிக்கும்; உறக்கமின்மையாலும் நெடுநாள் துன்பத்தால் கூர்மையடைந்த நரம்புகளாலும் வலி தொடரும். அத்தகையவரிடம் இன்றைய கூரிய படமும் அழல் இல்லை என்றே சொல்லும். அது பயனுள்ள செய்திதான். வேண்டாத மருந்தைத் தவிர்க்க உதவும். ஆனால் அழல் இல்லை என்பதை வலி இல்லை என்று படித்துவிட்டால், எக்ஸ்ரே காலத்தில் அந்தப் பெண்ணுக்கு இழைத்த அதே அநீதியை விலையுயர்ந்த கருவியைக் கொண்டு மீண்டும் இழைத்தவர்களாவோம்.

மூட்டுநோய் மருத்துவர்கள் இதை மறந்துவிடவில்லை. நெதர்லாந்தில் உருவாகி 1995இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய ஓர் அளவுமுறை உண்டு. மருத்துவர் 28 மூட்டுகளைத் தம் விரல்களால் ஒவ்வொன்றாக அழுத்தி, எங்கே வீக்கம், எங்கே நோவு என்று எண்ணுகிறார். குருதிச் சோதனையின் எண் ஒன்றைச் சேர்க்கிறார். கடைசியாக ஒரு தாளில் 100 மில்லிமீட்டர் நீளமுள்ள கோடு ஒன்று நோயாளியிடம் தரப்படுகிறது. அதன் ஒரு முனை மிக நன்று, மறுமுனை மிக மோசம். தாம் எங்கே நிற்கிறோம் என்பதை நோயாளியே அதில் குறிக்க வேண்டும்.

கோடிக்கணக்கில் விலைபெறும் காந்தக் கருவியும் இந்தக் கோடும் இன்று ஒரே மருத்துவமனையில் இருக்கின்றன. ஒன்று மூட்டுக்குள் இருப்பதைச் சொல்கிறது. மற்றொன்று அம்மூட்டோடு வாழ்கிறவர் சொல்வதைக் குறித்துக்கொள்கிறது. 1800ஆம் ஆண்டில் சால்பெத்ரியேரில் ஓர் இளைஞர் ஒன்பது பெண்களின் கைகளைப் பற்றி, அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்டார் அல்லவா? இத்தனை கருவிகளுக்குப் பின்னரும் அவர் தொடங்கிய இடத்தை விட்டுவிட முடியவில்லை. விட்டுவிடவும் வேண்டியதில்லை.